அரைப் பங்கின் கோப்பை

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் நடுப்பகுதியில் லாங்ஃபோர்ட் என்று ஒரு சின்ன மாவட்டம். அதன் வடக்கு ஓரத்தில், கௌனா ஏரிக்கரையில் முல்லினலாக்டா என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஐந்நூறைத் தொடாது. நம் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கில் இது அரைப் பங்குதான். மறுபாதி எல்லைக்கு அப்பால் கேவன் மாவட்டத்தில் கிடக்கிறது. அதனால் ஊருக்கே ‘அரைப் பங்கு’ என்று பட்டப்பெயர். அயர்லாந்துக்காரர்களின் சொந்த ஆட்டமான ‘கேலிக்’ (Gaelic) கால்பந்தில் அந்த ஊரின் 2018ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கேலிக் கால்பந்தில் பந்தைக் கையிலும் பிடிக்கலாம். ஆனால் பிடித்தபடி நாலு அடிக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் ஒருமுறை தட்ட வேண்டும், இல்லையென்றால் காலில் விட்டுக் கைக்கே எத்திக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டே, எதிராளி தோளில் இடிக்கும்போதே இதைச் செய்கிறார்கள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. 2018இல் இருந்த விதி இது. இப்போது தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்றும் ஒன்று வந்திருக்கிறது.

ஆடுபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் பிறந்த ஊருக்குத்தான் ஆடுவார்கள். வேலைக்காக டப்ளினில் தங்கியிருக்கும் கிராமத்துப் பையன்கள்கூட, பயிற்சிக்கென்று நூறு கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். ஆள் போதவில்லை என்று பணம் கொடுத்து வெளியிலிருந்து வாங்கிவர முடியாது. இருக்கிற வீடுகளிலிருந்து பதினைந்து பேர் தேற வேண்டும். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

முல்லினலாக்டா 1950இல் லாங்ஃபோர்ட் மாவட்டக் கோப்பையை வென்றது. அப்புறம் 66 ஆண்டுகள் ஒன்றுமில்லை. 2016இல் மறுபடி வென்றது. 2017இலும் வென்றது. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக 2018இலும் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் பக்கத்துக் கேவன்காரரான மிக்கி கிரஹாம்.

மாவட்டத்தில் வென்றவர்கள் மாகாணப் போட்டிக்குப் போவார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 9, டல்லமோர் மைதானம், லெய்ன்ஸ்டர் மாகாண இறுதிப்போட்டி. எதிரே டப்ளின் சாம்பியன் கில்மக்கட் குரோக்ஸ். பல ஆயிரம் உறுப்பினர் கொண்ட சங்கம் அது. 1995இலும் 2009இலும் அகில அயர்லாந்துக் கோப்பையையே வென்றவர்கள். டப்ளின் மாவட்ட அணியின் நட்சத்திரம் பால் மேனியன் அவர்கள் பக்கம். லாங்ஃபோர்ட் அணிக்கு யாரும் பெரிதாக வாய்ப்புக் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது முல்லினலாக்டாவுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் கேரி ரோஜர்ஸ். கோல் கம்பங்களின் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவர்கள் நிற்பார்கள். புள்ளி என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சைக் கொடி. பந்து வலையில் போய் விழுந்தது. பச்சைக் கொடி உயர்ந்தது. ஊர் முழுக்கக் கிளம்பி டல்லமோருக்கு வந்திருந்தால்கூட அந்த மைதானத்தில் ஒரு மூலை போதும். எனக்கு அந்த மூலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

முடிவு 1-8, 1-7. அதாவது பதினொன்றுக்குப் பத்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கேப்டன் ஷேன் மல்லிகன் கோப்பையைத் தூக்கினார்.

அடுத்த பிப்ரவரியில் அகில அயர்லாந்து அரையிறுதியில் கில்லார்னியின் டாக்டர் குரோக்ஸ் அணியிடம் தோற்றார்கள். சரி, அது இருக்கட்டும். லெய்ன்ஸ்டர் கோப்பையை அதுவரை லாங்ஃபோர்ட் மாவட்டத்திலிருந்து எந்த அணியும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. கொண்டு வந்தது அரைப் பங்கு. வணக்கம்.