எதிரே நின்று கை தூக்கும் ரோபோ

வணக்கம் நேயர்களே. ஜப்பானில் 1928ஆம் ஆண்டிலேயே வானொலி வழியாக உடற்பயிற்சி சொல்லித்தரத் தொடங்கிவிட்டார்கள். இன்றும் காலை ஆறரை மணிக்குப் பியானோ இசை கேட்டதும் பூங்காக்களில் பெரியவர்கள் கை வீசி நிற்பார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் வந்து செய்துவிட்டு, அட்டையில் முத்திரை வாங்கிப் போவார்கள். ஆனால் வானொலிக் குரலுக்கு நீங்கள் கையைத் தூக்கினீர்களா இல்லையா என்பது தெரியாது.

ரோபோவுக்குத் தெரியும். இங்கே சிங்கப்பூரில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி உருவாக்கிய ‘ரோபோகோச்’ 2015ல் மூத்தோர் நிலையங்களுக்கு வந்தது. உலோகக் கைகள், முகத்துக்கு ஒரு திரை. பயிற்சியைச் செய்துகாட்டும், எதிரில் இருப்பவர் சரியாகச் செய்கிறாரா என்றும் பார்க்கும்.

வயதானவர்கள் இதைக் கண்டு மிரளுவார்கள் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. லாஸ் ஏஞ்சலஸில், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஃபசோலா, மட்டாரிச் என்ற இரு ஆய்வாளர்கள் ‘பாண்டிட்’ என்ற ரோபோவை வைத்து மூத்தோரிடம் சோதித்தார்கள். மூத்தோர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைப்பயிற்சி செய்தார்கள். 33 பேர் கலந்துகொண்ட ஒரு சோதனையில், சிலருக்கு ரோபோவே எதிரில் இருந்தது. மற்றவர்களுக்குத் திரையில் அதன் உருவம் மட்டும். நேரில் இருந்த ரோபோவுக்குத்தான் நல்ல வரவேற்பு. இன்னொரு சோதனையில், வெறுமனே பயிற்சி சொன்ன ரோபோவைவிட, பேர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றாகச் செய்தபோது பாராட்டிய ரோபோவையே அதிகம் விரும்பினார்கள்.

அதில் என் மனதைத் தொட்டது ஒரு சின்ன ஆட்டம். அப்போது முறை மாறிவிடும்: பெரியவர் கையை அசைப்பார், ரோபோ பார்த்துச் செய்யும். யோசித்துப் பாருங்கள். ‘இப்படி உட்காருங்க, இந்த மாத்திரையைப் போடுங்க’ என்று நாள் முழுக்க எல்லோரும் சொல்ல, கேட்டுக்கொண்டே இருப்பவர் அவர். இங்கே அவர் காட்டுவதை இன்னொன்று செய்கிறது. முகம் மலராமல் இருக்குமா?

பிள்ளைகள் விஷயம் வேறு. ஸ்பெயினில், செவில் நகர மருத்துவமனை ஒன்றில், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு ‘நாவோ’ என்ற ரோபோ கைப்பயிற்சி காட்டியது. உயரம் 58 சென்டிமீட்டர்தான். தன்னைவிடக் குட்டியாக நிற்கும் ஒன்றைப் பிள்ளை விளையாட்டுத் தோழனாகத்தான் பார்க்கும். ஆனால் அதே விளையாட்டு மறுபடி மறுபடி வந்தால் சலித்துப்போகும். அதனால் ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நடுவயதினரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. கைக்கடிகாரம் எண்ணிச் சொல்லும் அடிக்கணக்கே அவர்களில் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

மூத்தோர் நிலையம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரோபோவை முன்னால் நிறுத்திவிட்டு ஊழியர் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். எத்தனை முறை கை தூக்கினார் என்பதை அது எண்ணிக்கொள்ளட்டும். தோள் வலிக்கிறதா, ராத்திரி தூங்கினாரா என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.