மாடி ஏறியது யார்?

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் பெரியோர்களே, வணக்கம். ஆஸ்கார் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவல் 1890-இல் பத்திரிகையில் வந்தது. அதன் நாயகன் டோரியன் கிரேயைக் கெடுத்தது நண்பன் ஹென்றி பிரபுவின் நாக்கா, தன் அழகின் மேல் அவன் கொண்ட செருக்கா என்பது வழக்கு. எதிரணித் தோழர் மொத்தப் பழியையும் ஹென்றி பிரபுவின் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஹென்றியின் பேச்சை, டோரியனைப் படமாக வரைந்த ஓவியர் பாசிலும் கேட்டவர்தானே? அவர் கெட்டாரா? "நான் இளமையாகவே இருக்க வேண்டும், மூப்பு இந்தப் படத்துக்கு வரட்டும், அதற்கு ஆன்மாவையே தருகிறேன்" என்று கேட்டது டோரியனின் வாய். கேட்டபடியே நடந்தது; அவன் செய்த பாவமெல்லாம் படத்தில்தான் பதிந்தது.

'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்' என்பது குறள். இவன் முகம் எதையும் காட்டவில்லை; படச்சீலை காட்டியது. நம் காசிமேட்டில் வஞ்சிரம் எவ்வளவு பளபளத்தாலும், செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்காமல் யாராவது பையை விரிப்பார்களா? டோரியன் அந்தச் செவுளை மாடி அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

அவனால் மனமுடைந்து நடிகை சிபில் செத்தாள். மறுநாள் மாலையே இசைநாடகம் பார்க்கப் போனான். அழைத்தவர் ஹென்றி, ஒப்புக்கொள்கிறேன். கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டான். நல்ல காரியம். செய்தவன் பேசாமல் படுத்துத் தூங்க வேண்டியதுதானே? படத்தின் முகம் அதனால் கொஞ்சம் தெளிந்திருக்குமோ என்று பார்க்கப் போனான்! அங்கே கண்ணில் தந்திரமும் வாயோரத்தில் பாசாங்குக்காரனின் சுருக்கமும் புதிதாக முளைத்திருந்தன. ஒரு பெண்ணுக்கு இரங்கியதைக்கூடத் தன் முகத்துக்குப் பூசும் சந்தனமாக்கிக்கொண்டவனை என்ன சொல்வது?

டோரியன் தன் அழகைப் பார்த்துக்கொண்ட கண்ணாடியைப் பரிசளித்ததே ஹென்றிதான் என்று தோழர் மேசையைத் தட்டினார். உண்மைதான். ஆனால் படத்தைப் பார்க்கப் போன அந்தக் கடைசி இரவில், போவதற்கு முன் டோரியன் அந்தக் கண்ணாடியைத் தரையில் வீசி, காலால் மிதித்து நொறுக்கிவிட்டான். இந்தப் பக்கத்தை மட்டும் தோழர் வேகமாகப் புரட்டிவிட்டார் போலிருக்கிறது. ஹென்றியின் கண்ணாடி தூளாகிக் கிடக்கிறது, ஹென்றியும் அங்கே இல்லை. அதற்குப் பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறியது யார் என்பதை, எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும்.