அடகுக்கடைக் கிட்டார்கள்

நேயர்களுக்கு வணக்கம். மெல்லிசைக் குழுக்களில் பல வருஷம் கிட்டார் வாசித்தவன் நான். எந்தக் காலத்து ராக் இசைக்கு எந்தக் கிட்டார் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. அறுபதுகள் என்றால் ஸ்ட்ராட்டோகாஸ்டர், எழுபதுகள் என்றால் லெஸ் பால், தொண்ணூறுகள் என்றால் ஜாகுவார். ஒப்பிக்கச் சுலபம்தான். ஆனால் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிறந்தது 1954-இல். லெஸ் பால் அதற்கும் இரண்டு வருஷம் மூத்தது. ஜாகுவார் 1962. கணக்கு இடிக்கிறதா?

லெஸ் பாலையே எடுத்துக்கொள்வோம். கிப்சன் கம்பெனி 1957-இல் அதில் ஹம்பக்கர் என்ற பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவியை, பொருத்தியது. சேத் லவர் என்ற பொறியாளர் செய்தது. அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒரு சுருள் வாங்கும் மின்சார இரைச்சலை இன்னொரு சுருள் அடித்துவிடும். கம்பியின் நாதம் மட்டும் தடிமனாக மிஞ்சும். மறு வருஷமே செம்மஞ்சள் சன்பர்ஸ்ட் பூச்சும் வந்தது. இன்று அந்த மாடலுக்கு வீட்டை விற்றுப் பணம் கட்ட ஆள் இருக்கிறது. அன்று அது சரியாக விற்கவில்லை. 1961-இல் கம்பெனி அந்த வடிவத்தையே கைவிட்டு, இரண்டு கொம்பு முளைத்த மெல்லிய உடலுக்கு மாறிவிட்டது.

பிறகு 1966. லண்டனில் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவின் ஒலிப்பதிவு. அதன் கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டன் பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், செருகி, சத்தத்தைக் குறைக்கவே மாட்டேன் என்று நின்றார். அந்த இசைத்தட்டைக் கேட்ட பையன்கள் கடைக்கு ஓடினால், தொழிற்சாலையில் அந்தக் கிட்டாரே இல்லை! 1968-இல்தான் கிப்சன் மறுபடி செய்ய ஆரம்பித்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லெஸ் பாலைத் தாழத் தொங்கவிட்டபடி நாம் நினைவில் வைத்திருக்கும் ஜிம்மி பேஜ், லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டைப் பெரும்பாலும் ஃபெண்டரின் டெலிகாஸ்டரில்தான் வாசித்தார். வாய்ப்பாட்டை ரொம்ப நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்த கதை ஜாஸ்மாஸ்டருடையது. ஃபெண்டர் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டர் அதை 1958-இல் கொண்டுவந்தார். ரேடியோ பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஜாஸ் வித்வான்களுக்கென்று பேரிலேயே எழுதி வைத்தார், அவர்கள் சீந்தவில்லை. கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசைக் குழுக்கள் கொஞ்ச நாள் கொண்டாடின. அதன் தம்பி ஜாகுவார், வந்தபோது ஃபெண்டர் பட்டியலிலேயே விலை கூடியது. 1975-இல் அதையும், 1980-இல் அண்ணனையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டும் அமெரிக்க அடகுக்கடைகளில் தூசி படிந்து தொங்கின. காசில்லாத பையன்களுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எட்டாது; இவை எட்டின.

இதில் ஒரு சங்கதி. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பி, தன்னைத் தாங்கும் பிரிட்ஜைத் தாண்டியதுமே உடலுக்குள் இறங்கிவிடும். ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜுக்குப் பின்னாலும் சில விரற்கடை நீளம் கம்பி ஓடும். அதனால் பிரிட்ஜின் மேல் அழுத்தம் குறைவு. ஓங்கி அடித்தால் கம்பி பள்ளத்தை விட்டு எகிறும். இது வாசிப்பவர்களின் நெடுநாள் புலம்பல். ஆனால் அந்தப் பின்பக்கக் கம்பியை மீட்டிப் பாருங்கள், கிணுங்கென்று சின்ன மணி அடிக்கும். நியூயார்க்கின் சோனிக் யூத் ராக் குழுவினர் அதையே சங்கீதமாக்கினார்கள். கம்பிக்கடியில் திருப்புளியைச் செருகியும் வாசித்தவர்கள் அவர்கள். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுவதால் நிறையக் கிட்டார் வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்தவைதான் கட்டுப்படியாகும்.

தொண்ணூறுகளின் ராக் குழுவான நிர்வானாவின் கர்ட் கோபேன் இடதுகைக்காரர். அவருடைய 1965 ஜாகுவாரில் முன்பு வைத்திருந்தவரே பிக்கப்பைக் கழற்றி ஹம்பக்கர் போட்டிருந்தார். அவருடைய இன்னொரு கிட்டார், 1969 மஸ்டாங். கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கென்று ஃபெண்டர் செய்த மாடல். 2022 ஏலத்தில் அந்தக் கிட்டார் 45 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

கோபேன் ஒருநாள் ஒரு ஜாகுவார் படத்தையும் ஒரு மஸ்டாங் படத்தையும் பாதியாகக் கத்தரித்து, இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டினார். ஃபெண்டர் அதை வைத்தே ஜாக்-ஸ்டாங் என்ற கிட்டாரைச் செய்தது. கடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நன்றி, வணக்கம்.