ஒரே காளானில் இரண்டு நஞ்சுகள்

[காட்சி: ஓக் மரத்தடி. இளம்பச்சைத் தொப்பி, வெளுத்த தண்டு, அடியில் கிண்ணம் போன்ற உறை.]

ஐரோப்பியக் காடுகளில் ஓக் மரங்களை ஒட்டி முளைக்கும் காளான் இது. அமானிட்டா ஃபாலாய்டிஸ் என்பது அறிவியல் பெயர். டெத் கேப் என்றும் சொல்வார்கள். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் பலர், நல்ல ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். வேகவைத்தாலும் காயவைத்தாலும் இதன் நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் விஷம் என்ற பழைய நம்பிக்கையை நம்பவே நம்பாதீர்கள்.

சாப்பிட்ட பிறகு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் போட்டு வாட்டும். அதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது. வாந்தி நின்று, உடம்பு தேறியதுபோல இருக்கும். வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

[காட்சி: ம்யூனிக், 1930கள். கண்ணாடிக் குடுவைகள்.]

அப்படி என்னதான் இருக்கிறது இதில்? பித்த அமில ஆய்வுக்காக 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டின் ஆய்வகத்தில் இந்தத் தேடல் நடந்தது. மாணவர் ஃபியோடர் லைனென் இந்த நஞ்சுகளை ஆராய்ந்து 1937இல் முனைவர் பட்டம் வாங்கினார். முதலில் படிகமாகக் கிடைத்தது ஃபேலாய்டின். 1941இல் அமானிட்டின் பிரிக்கப்பட்டது. ஹைன்ரிஷின் மகன் தியோடர் வீலாண்ட் பல பத்தாண்டுகள் இவற்றிலேயே உழைத்து, அமைப்பை அவிழ்த்தார். இரண்டும் வளையமாக மூடிய சிறு பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள். ஃபேலாய்டினில் 7 அமினோ அமிலங்கள், அமானிட்டினின் முக்கிய வகையான ஆல்ஃபா அமானிட்டினில் 8. வளையத்தின் குறுக்கே ஒரு கந்தகப் பாலமும் உண்டு.

எலிக்கு ஊசி போட்டால் ஃபேலாய்டின் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். அமானிட்டினுக்கு நாட்கள் ஆகும். அப்படியானால் ஃபேலாய்டின்தானே பெரிய எமன்? இல்லை. சாப்பிட்டால் ஃபேலாய்டின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே அரிது. மனிதரைக் கொல்வது மெதுவான அமானிட்டின்தான்.

[காட்சி: டி.என்.ஏ. இழைமேல் நகரும் நொதி.]

மரபணுவில் உள்ள குறிப்பைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகல் எழுதும் நொதி ஒன்று நம் செல்களில் இருக்கிறது: ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2. நிமிடத்துக்குச் சில ஆயிரம் எழுத்துகள் எழுதும் அந்த நொதியில் அமானிட்டின் ஒட்டிக்கொண்டால், வேகம் நிமிடத்துக்குச் சில எழுத்துகளாகச் சுருங்கிவிடும். நகல் இல்லாமல் புதுப் புரதம் இல்லை. ஏற்கெனவே இருந்த புரதங்கள் தீரும்வரை செல் தாக்குப்பிடிக்கும், பிறகு செத்துவிடும். தாமதத்துக்குக் காரணம் இதுதான். ஆளைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.1 மில்லிகிராம் அமானிட்டின் போதும். ஒரு பெரிய காளானிலேயே ஓர் ஆளைக் கொல்லும் அளவு இருக்கலாம்.

கல்லீரல் ஏன் முதலில் அடிபடுகிறது? பித்த அமிலங்களை உள்ளே கொண்டுபோகும் கடத்திப் புரதங்களே அமானிட்டினையும் ஏற்றிச்செல்கின்றன. அப்பா பரிசு வாங்கியது பித்த அமிலத்துக்கு, மகன் வாழ்நாளைக் கொடுத்தது அதே வழியில் நுழையும் நஞ்சுக்கு. நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. போதாக்குறைக்கு, பித்தத்தோடு குடலுக்கு இறங்கும் நஞ்சு அங்கிருந்து மறுபடியும் கல்லீரலுக்கே திரும்புகிறது. மருத்துவர்கள் கொடுக்கும் சிலிபினின், மில்க் திசில் செடியிலிருந்து கிடைப்பது. நஞ்சைக் கல்லீரலுக்குள் ஏற்றும் அந்தக் கடத்திப் புரதங்களை அது அடைக்கிறது. ஆனால் நேரம் கடந்துவிட்டால் மாற்றுக் கல்லீரல்தான் வழி.

[காட்சி: இருட்டில் பச்சையாக ஒளிரும் செல் இழைகள்.]

சரி, ஃபேலாய்டின் என்ன ஆயிற்று? செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிரிய விடாது. 1979இல் அதனோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார்கள். நீங்கள் இப்போது திரையில் பார்க்கும் ஒவ்வொரு பச்சை இழையிலும் ஒட்டியிருப்பது அந்தக் காளானின் நஞ்சு.