கிழிசல் கட்டுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்று இந்தக் கரையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் இப்போது நடக்க இடமில்லை. வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே வலையை விரித்துக் கட்டி, இங்கே ஒருவர், அங்கே இருவர் என்று உட்கார்ந்து கிழிசல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். இந்தப் பேச்சையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கையை நிறுத்த வேண்டாம். நான் பேச வந்ததும் அந்த வேலையைப் பற்றித்தான்.

வேத வசனங்களை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் 32 வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். பெரிய தலைப்பைக் கண்டால் அதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது என் பழக்கம்.

மாற்கு முதல் அதிகாரம், 19ஆம் வசனம். இயேசு கலிலேயாக் கடற்கரையில் நடந்து போகிறார். செபதேயுவின் பிள்ளைகள் யாக்கோபும் யோவானும் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கே 'பழுதுபார்க்கிற' என்பதற்கு மூலத்தில், கிரேக்க மொழியில் இருக்கிற வினைச்சொல் 'கதார்திட்சோ'. இதே சொல் வேறோர் இடத்தில் வருகிறது, அங்கே வலையும் இல்லை, படகும் இல்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதம், 6ஆம் அதிகாரம், முதல் வசனம்: 'சகோதரரே, ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு.'

அந்தச் 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' தான் யாக்கோபும் யோவானும் வலைக்குச் செய்த வேலை. எங்கள் வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. ஒன்று கோயிலில் வாசிக்கிற திருவிவிலியம். மற்றது என் மாமியார் கொண்டுவந்த பழைய மொழிபெயர்ப்பு, அவர் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். திருவிவிலியத்தில் இந்த இடத்தில் 'திருத்துங்கள்' என்று இருக்கும். தப்பில்லை. ஆனால் திருத்துவது என்றதும் எங்களைப் போன்ற டீச்சர்களுக்குச் சிவப்பு மைதான் ஞாபகம் வரும். பவுலின் சொல்லில் சிவப்பு மை இல்லை. கிரேக்க வைத்தியர்கள் பிசகிய எலும்பை இடத்தில் சேர்ப்பதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். எலும்பைச் சேர்க்கிறவருக்கு உடம்பின்மேல் கோபம் இருக்க முடியுமா?

என் ஐயா வலை கட்டித்தான் எங்களை வளர்த்தார். நாங்கள் தனுஷ்கோடிக் குடும்பம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் வீடு, வள்ளம், வலை எதுவும் மிஞ்சவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. இன்றைக்கும் அங்கே இடிந்து நிற்கிற கோயிலைப் பார்க்க சுற்றுலாக்காரர்கள் வேன் பிடித்துப் போகிறார்கள். நான் ஒரு தடவை போனேன், மறுபடி போகவில்லை. சரி, அது வேறு கதை. தங்கச்சிமடம் வந்தபிறகு ஐயாவிடம் கை மட்டும்தான் இருந்தது. ஊரார் வலைகளை வாங்கிக் கட்டிக் கொடுத்தார். முதலில் பருத்தி நூல், அப்புறம் நைலான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் இரண்டு விஷயம் எனக்குத் தெரியும். ஒன்று, கிழிசலைக் கட்டுவதற்கு முன்னால் அதைப் பெரிதாக்க வேண்டும். பிசிறு பிசிறாகத் தொங்குகிற நூலையெல்லாம் வெட்டி எறிந்து, நல்ல முடிச்சு எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும் போக வேண்டும். பிசிறோடு சேர்த்து இழுத்துக் கட்டினால் அடுத்த தடவை வலை போடும்போதே போய்விடும். ஆகவே, ஒருவரைச் சீர்ப்படுத்துவது என்றால் அவர் செய்ததை மூடி மறைப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். நடந்தது என்ன, எவ்வளவு என்று நல்ல முடிச்சு வரைக்கும் பேசியாக வேண்டும்.

இரண்டு, புதிதாகப் போடுகிற கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, பழைய கண்ணியின் அளவுக்கே இருக்க வேண்டும். கொஞ்சம் சின்னதாகப் போட்டால் வலை அங்கே சுருங்கி இழுக்கும். இழுத்தால், கட்டிய இடம் அப்படியே இருக்கும், பக்கத்தில் கிழியும். கோடித்துண்டை, அதாவது புதுத் துணியை, பழைய வஸ்திரத்தோடு இணைத்தால் 'பீறலும் அதிகமாகும்' என்று மத்தேயு 9ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வாரே, கிட்டத்தட்ட அதுதான். விழுந்து எழுந்தவருக்கு மட்டும் நமக்கு இல்லாத சட்டங்களைப் போடுகிறோம் பாருங்கள்: நீ இனிமேல் கணக்கைத் தொடாதே, நீ வாசகம் வாசிக்காதே, திருவிழாக் கமிட்டியில் பேசாதே. அதெல்லாம் சின்னக் கண்ணி.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்ததைக் கேளுங்கள்.

2009இல் எங்கள் தெருவில் 12 பெண்கள் சேர்ந்த மகளிர் குழு ஒன்று இருந்தது. நான் ஊக்குநர். வாராவாரம் சேமிப்பை வசூலித்து வங்கியில் கட்டுகிற பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை மதினி என்று கூப்பிடுவார். பாஸ்புத்தகத்தைப் பார்த்தபோது 6,400 ரூபாய் குறைந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? மத்தேயு 18:15 எனக்கு மனப்பாடம்: 'அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.' அவர் வீடு என் வீட்டிலிருந்து ஆறாவது வீடு.

நான் போகவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு பைபிளை எடுத்துக்கொண்டு போனேன். திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரம், அனனியா, சப்பீரா. நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்துவைத்துக்கொண்டு பொய் சொன்னவர்கள், பேதுருவின் முன்னால் விழுந்து செத்துப்போகிறார்கள். அதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, நல்ல உச்சரிப்போடு வாசித்தேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. எல்லோரும் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்த்தார்கள்.

வசனம் சரியான வசனம்தான். இந்தக் கரையில் வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. காலண்டரில் இருக்கிறது, வள்ளத்தின் முன்புறத்தில் எழுதியிருக்கிறது. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்ற நீதிமொழியை வாசித்தால் மீன் எடுக்கிற வியாபாரி ஞாபகம் வருகிறார், நம் வீட்டுத் தராசு ஞாபகம் வருவதில்லை. அன்றைக்கு எனக்கும் அப்படித்தான். 'நீயும் சோதிக்கப்படாதபடிக்கு' என்ற பாதி வசனத்தை நான் வாசிக்கவே இல்லை. ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் வசூலித்த பணத்தை எடுத்து மளிகைக் கடன் பாக்கியைக் கட்டிவிட்டு, சம்பளம் வந்ததும் திரும்ப வைத்தவள் நான். அது யாருக்கும் தெரியாது. இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெண் குழுவை விட்டார். எங்கள் கோயிலையும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாம்பனுக்குப் பூசைக்குப் போனார். நான் ஐயாவிடம் போய் நியாயம் பேசினேன். பணம் விஷயம், கணக்கு விஷயம், யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஐயாவுக்கு அப்போது 75 வயது இருக்கும். கால் பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு ஊசி ஓட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கிழிசலை எல்லாருக்கும் விரிச்சுக் காட்டிட்ட. அப்புறம் என்ன செஞ்ச, தாயி?"

அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பதில்.

யோவான் 21ஆம் அதிகாரத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுரு ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வருகிறார். கரையில் இயேசு கரிநெருப்புப் போட்டு அதன்மேல் மீன் வைத்திருக்கிறார். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டுதான், 18ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அந்த நெருப்பின் வாசனை அவருக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும்! ஆனால் இயேசு விசாரணையை ஆரம்பிக்கவில்லை. 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி. அதுவும் ஏன் அப்படிச் செய்தாய் என்று இல்லை, நீ என்னை நேசிக்கிறாயா என்று, மூன்று முறை. மறுதலித்தது மூன்று முறை, கேட்டதும் மூன்று முறை. கிழிந்த கண்ணிக்குச் சரியான கண்ணி. அப்புறம் 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்று பொறுப்பையும் திரும்பக் கொடுக்கிறார். நானாக இருந்தால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை, வீட்டில் யாரும் இல்லை என்று அவருடைய மகன் வந்து சொன்னான், உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை வாசலில் உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் டீயைக் குடித்து முடித்த பிறகு, பணம் எங்கே போயிற்று என்று அவராகவே சொன்னார். மீன் வியாபாரி ஒருவரிடம் வீட்டுக்காரர் முன்பணம் வாங்கியிருந்தார். வலை அறுந்துபோய்த் தொழில் நின்ற வாரத்தில் அந்த ஆள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

கலாத்தியர் அதே அதிகாரத்தில் இரண்டாம் வசனம், 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்கிறது. மூன்று வசனம் தள்ளி, 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' என்கிறது. வகுப்பில் ஒரு பையன் இதைக் கேட்டு என்னை மடக்கியிருக்கிறான். தமிழில் இரண்டும் பாரம்தான், கிரேக்கத்தில் வேறு வேறு சொல். முதலாவது ஆளை அழுத்துகிற சுமை. இரண்டாவது அவரவர் தோளில் தூக்கிப்போகிற மூட்டை. அந்த 6,400 ரூபாய் அவருடைய மூட்டை. மாதம் 200 என்று 32 மாதம் கட்டினார், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வியாபாரி வாசலில் நின்றது வேறு சுமை. அதைச் சுமக்கத்தான் 12 பேர் குழு என்று ஒன்று வைத்திருந்தோம், அது எங்களுக்கு முன்னமே தோன்றவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்க்கணக்குதான். அவர் குழுவுக்குத் திரும்பவில்லை. கோயிலுக்குத் திரும்பினார், பெண்கள் பக்கத்தில் என் வரிசைக்கு மூன்று வரிசை பின்னால் உட்காருகிறார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொல்கிற நேரத்தில் நான் திரும்பிப் பார்ப்பேன். சில ஞாயிறு அவரும் கை கூப்புவார். சில ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். போன ஞாயிறு கை கூப்பினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி. வணக்கம்.