பின்வரிசையில் ஓர் ஆசிரியர்

வணக்கம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஒருவர் சில ஆண்டுகள் கழித்து நிர்வாகத்துக்குப் போகலாம், இல்லையென்றால் கோச் ஆகலாம். மைதானத்துக் கோச் இல்லை. சக ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, அப்புறம் அவரோடு தனியாகப் பேசுகிறவர்.

இந்த வேலைக்கு ஆங்கில ஆசிரியர்கள் நன்றாகவே பொருந்துகிறார்கள். கட்டுரை திருத்தித் திருத்தி ஒரு விஷயம் அவர்களுக்குப் பழகியிருக்கும். தாள் முழுக்கச் சிவப்பு மை பூசினால் மாணவன் எதையும் படிக்க மாட்டான். ஒன்றைச் சொன்னால் திருத்துவான். சக ஆசிரியரிடமும் அப்படித்தான்.

எதைச் சொல்வது? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆசிரியர்களைக் கவனித்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பெரும்பாலோர் சுமார் 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கவிதை நடக்கும் வகுப்பில் 1 விநாடியில் யார் என்ன யோசிக்க முடியும்? கோச் இதைக் குறையாகச் சொல்ல வேண்டாம், விநாடிகளை எண்ணிக் காட்டினால் போதும்.

பயிற்சிப் பட்டறையில் கேட்டது வகுப்பறை வரை வர வேண்டுமானால் கூடவே ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும் என்று கல்வி ஆய்வாளர்கள் ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். 2018இல் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கோச் இருந்த இடங்களில் கற்பித்தல் நன்றாகவே மேம்பட்டிருந்தது. மாணவர் மதிப்பெண்ணும் உயர்ந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்ததும் தெரிந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பள்ளி மாவட்டம் முழுக்க அவசரமாக ஆள் போட்டால், கோச்சுக்குக் கிடைப்பது தேர்வுத் தாள் எண்ணுவதும், வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போய் நிற்பதும்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பள்ளி முதல்வர் கோச்சை நடைவழியில் நிறுத்தி, "அந்த வகுப்பு எப்படிப் போகிறது?" என்று கேட்பார். நல்லெண்ணத்தோடுதான் கேட்பார். "அவரிடமே கேளுங்கள் சார்" என்று சொல்ல வேண்டும். கோச்சின் குறிப்பேடு ஒருமுறை ஆசிரியரின் மதிப்பீட்டுக் கோப்புக்குள் போய்விட்டால், அடுத்த வாரம் பின்வரிசையில் இருந்து பார்ப்பது வகுப்பை அல்ல, ஒத்திகை பார்த்து வைத்த நாடகத்தை.

என்னைக் கேட்டால், கோச் ஆனவர் ஒரு வகுப்பையாவது தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பில் சக ஆசிரியர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும்.