ஓடும் காரில் பவர் ஸ்டியரிங் திடீரென்று நின்றுபோனால்

[காட்சி: மழை இரவு. காரின் உள்ளே. டேஷ்போர்டில் ஸ்டியரிங் படமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் உள்ள மஞ்சள் விளக்கு எரிகிறது.]

வணக்கம். போன ஐப்பசியில் ஒரு மழை இரவு, திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். மேல்மருவத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் ஓரம் கட்டினேன். வண்டியை வளைத்து நிறுத்தும்போது ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. ஒரு விரலால் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டியரிங், இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகர்ந்தது.

பின்சீட்டில் இருந்த அம்மா, "என்னப்பா, வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டார். இல்லை, எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த மஞ்சள் விளக்கு மட்டும் புதிதாக எரிந்தது.

மறுநாள் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், "ஸ்டியரிங் காலத்தை மொத்தமா மாத்தணும், 35 ஆயிரம் ஆகும்" என்றார்கள். காலம் (column) என்றால் ஸ்டியரிங் மாட்டியிருக்கும் தண்டுப் பகுதி. கடைசியில் அந்த வண்டி ஒரு துண்டு உப்புத்தாளில் சரியானது. அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் இந்த வீடியோவில் காட்டப்போகிறேன்.

[காட்சி: ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரம் வரை போகும் தண்டுகளின் வரைபடம்.]

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். சாதாரணக் கார்களில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தண்டு நேராகப் போகிறது. பவர் ஸ்டியரிங் என்பது அந்தத் தண்டைத் தள்ளிக்கொடுக்கும் ஒரு கை, அவ்வளவுதான். அந்தக் கை விட்டுவிட்டாலும் வண்டி நீங்கள் திருப்பிய பக்கம்தான் போகும், என்ன, பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும். வேகமாகப் போகும்போது வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். நிறுத்தும் நேரத்தில்தான் தோள்பட்டை வலிக்கும்.

ஓடும்போது இப்படி ஆனால் இரண்டு கையாலும் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, இண்டிகேட்டர் போட்டு மெதுவாக ஓரத்துக்கு வாருங்கள். வண்டி முழுசாக நிற்கும்வரை சாவியை எடுக்காதீர்கள். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும், அப்புறம் திருப்பவே முடியாது.

எஞ்சினே அணைந்துபோய் அதனால் ஸ்டியரிங் இறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் பிரேக்குக்கும் இரண்டு மூன்று மிதிக்குத்தான் துணை இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். 2014-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இதனால்தான். சாவி சுவிட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடியபோதோ வண்டி குலுங்கியபோதோ அது தானாகத் திரும்பி, எஞ்சின், பவர் ஸ்டியரிங், ஏர்பேக் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. பலர் உயிரிழந்தார்கள். உங்கள் கார் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்கினால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

[காட்சி: பானெட் திறந்த இரண்டு கார்கள், பக்கத்தில் பக்கத்தில்.]

சரி, உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது? பானெட்டைத் திறந்து பாருங்கள். பவர் ஸ்டியரிங் என்று எழுதிய ஒரு சின்ன ஆயில் டப்பா இருந்தால் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. பொலிரோ, பழைய இன்னோவா எல்லாம் இந்த ரகம். டப்பா இல்லை என்றால் பெரும்பாலும் மின்சார ஸ்டியரிங். 1988-இல் சுஸுகி செர்வோ என்ற குட்டிக் காரில் வந்த ஏற்பாடு இது. இன்றைக்கு நம் ஊர் சின்னக் கார்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இதுதான்.

ஹைட்ராலிக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் திடீரென்று இறுகினால் உடனே கவனிக்க வேண்டியது பேட்டரி விளக்கு. பல வண்டிகளில் ஸ்டியரிங் பம்ப், டைனமோ, வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. ஸ்டியரிங் இறுகி, பேட்டரி விளக்கும் எரிந்து, டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டாதீர்கள். இன்னும் 2 கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் எஞ்சின் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஸ்டியரிங் செலவு எஞ்சின் செலவாக மாறும்.

பெல்ட் நன்றாக இருந்தால் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஹோஸ் ஜாயின்ட், பம்ப் சீல், ரேக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய தண்டின்) இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறை, இந்த இடங்களில் கசிவு இருக்கும். அந்த உறையை அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போயிருக்கிறது. ஊற்றும் ஆயில் உங்கள் காரின் கையேட்டில் எழுதியிருப்பதாகவே இருக்கட்டும். அவசரத்துக்கு என்று பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சீல் எல்லாம் ஊதிப்போகும். ஊற்றிய பிறகு ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை ஓட விடாமலே ஸ்டியரிங்கைக் கடைசி வரை இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து தடவை சுற்றுங்கள். டப்பாவில் நுரை அடங்கினால் காற்று வெளியேறிவிட்டது.

[காட்சி: டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய மோட்டார்.]

இப்போது என் வண்டிக்கு வருவோம். மின்சார ஸ்டியரிங்கில் நீங்கள் திருப்பும்போது தண்டுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்கிறது. எவ்வளவு முறுக்கு என்று ஒரு சென்சார் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் மோட்டாரை ஓட்டுகிறது. ஏதாவது சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்திவிட்டு மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். தப்பாகத் தள்ளுவதைவிடத் தள்ளாமல் இருப்பது மேல் என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

முதல் வேலை, எஞ்சினை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு அன்று விளக்கு போய்விட்டது, ஸ்டியரிங்கும் இலகுவானது. வீட்டுக்கு வந்து பார்க்கிங்கில் வளைத்தேன், ஸ்டியரிங் மறுபடி இறுகிவிட்டது. விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் பாகம் செத்திருப்பதைவிட மின்சாரம் சரியாக வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நெருக்கடியான பார்க்கிங்கில் திரும்பத் திரும்ப வளைத்தாலும் மோட்டார் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துணையைக் குறைக்கும். அது ஆறினால் தானே சரியாகும், பழுது இல்லை.

அடுத்து ஸ்கேனர், காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி. 500 ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டும்தான் படிக்கும். ஸ்டியரிங் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். என் வண்டியை அப்படிப் படித்தபோது வந்தது, "சப்ளை வோல்டேஜ் குறைவு" என்ற கோளாறுக் கோட் (code). ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் கோளாறு என்ற வரையில் பார்த்துவிட்டு, காலத்தை மாற்றச் சொல்லிவிட்டார்கள். கோட் என்ன என்று கேட்டு, அந்த வரியை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டார்க் சென்சார் (முறுக்கை அளக்கும் அந்தச் சென்சார்) என்றோ மோட்டார் என்றோ வந்தால் நிலைமை வேறு, அப்போது காலத்தைக் கழற்றத்தான் வேண்டும். அங்கே ஏர்பேக் வயரும் போகும், மஞ்சள் உறை போட்டிருக்கும். அதில் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

[காட்சி: மல்டிமீட்டர், நெருக்கமாக.]

வோல்டேஜ் குறைவு என்றால் மூன்று இடம்: பேட்டரி, ஃபியூஸ், எர்த் (பேட்டரி மைனஸ் காரின் பாடியோடு சேரும் இணைப்பு). எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் சரி. பானெட்டுக்குள் இருக்கும் பெரிய ஃபியூஸ், அதுவும் சரி. அந்த ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். மறுபடி எரிந்தால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியும் சரி, ஃபியூஸும் சரி, வண்டியும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. அப்போது என் தம்பி ஒன்றைக் கவனித்தான். சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி நான் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுவரில் விழும் ஹெட்லைட் வெளிச்சம் மங்கியது. "அண்ணா, இன்னொரு தடவை திருப்பு" என்றான். மறுபடி மங்கியது.

காரணம் இதுதான். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மோட்டார் 40 ஆம்பியர்கூட இழுக்கும். வழியில் துருப்பிடித்த ஒரு போல்ட் வெறும் 0.1 ஓம் தடை கொடுத்தாலும் 4 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 14 வோல்ட் 10 ஆகிவிடும், கம்ப்யூட்டர் போதாது என்று நிறுத்திவிடும். ஸ்டியரிங்கைத் தொடாதபோது ஒரு ஹெட்லைட் இழுப்பது 5 ஆம்பியருக்கும் குறைவு, அதற்கு அரை வோல்ட்கூடப் போகாது. அதனால்தான் மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.

[காட்சி: ஒரு கம்பி பேட்டரியின் மைனஸ் முனையில், மறு கம்பி பாடியின் வெற்று இரும்பில்.]

இதை மல்டிமீட்டரில் பார்க்கலாம். 20 வோல்ட் டிசியில் வைத்து, எஞ்சின் ஓட, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. என் வண்டியில் 3.1 காட்டியது.

மைனஸ் கேபிள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கியர்பாக்ஸுக்கும் ஒன்று பாடிக்கும் போகிறது. ஸ்டார்ட்டருக்கு கியர்பாக்ஸ் வழி போதும், அதனால்தான் வண்டி ஸ்டார்ட் ஆனது. பாடிக்குப் போகும் போல்ட் பேட்டரித் தட்டுக்கு அடியில் இருந்தது. மழைத்தண்ணீரும் பேட்டரி ஆசிடும் சேர்ந்து அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது, ஸ்பேனர் வைத்ததும் பாதித் துரு கையோடு வந்தது.

மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். போல்ட்டையும் வளையத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் வெள்ளி மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வேஸ்லின் தடவினேன். பேட்டரி மாட்டிய பிறகும் விளக்கு எரிந்தது. சில கார்களில் அப்படித்தான், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒரு தடவை சுற்றினால் அணைந்துவிடும். அணைந்தது.

[காட்சி: இரவு. சுவரில் ஹெட்லைட் வெளிச்சம். ஸ்டியரிங் முழுசாகத் திரும்புகிறது, வெளிச்சம் மங்கவில்லை. மல்டிமீட்டரில் 0.08.]

பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல்: "இப்ப கோயிலுக்குப் போலாமா?"